ஜன்னலோரக் கட்டில்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸுக்குப் போயிருந்தேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. மூக்குக்கண்ணாடியில் ஒரு திருகு கழன்று விழுந்துவிட்டது, அதைப் போட்டு வாங்கத்தான். புகைமூட்டம் திரும்பவும் வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. காலை பத்து மணிக்கும் சூரியனைக் கண் கூசாமல் நேராகப் பார்க்க முடிந்தது. எதிரே நிற்கிற அடுக்குமாடிகளின் மேல் பாதியைக் காணோம். எங்கோ காடு எரிகிற வாசனை சட்டைக்குள்ளேயும் வாய்க்குள்ளேயும் இருந்தது.

ஒரு கடையில் உட்கார்ந்து, நுரை பொங்க இழுத்து ஆற்றுகிற தே தாரேக் சொன்னேன். பக்கத்து மேசையில் ஒருவர் இருமினார். முதலில் இரண்டு சின்ன இருமல், கொஞ்சம் இடைவெளி, அப்புறம் அடிநெஞ்சிலிருந்து புரண்டு வந்த மூன்றாவது. நான் கிளாசைத் தூக்கிக்கொண்டு கடைசி மேசைக்குப் போய்விட்டேன்.

"என்னா அங்கிள், அங்க காத்து வரலையா?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

"ஆமாம்மா, புழுக்கமா இருக்கு லா," என்றேன்.

பொய். காற்றைச் சாக்கு வைத்து இடம் மாறுவது என் வாழ்க்கையில் இது இரண்டாவது தடவை. முதல் தடவையைப் பற்றி இத்தனை வருஷமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்னைப் பார்க்கிற யாரும் நம்ப மாட்டார்கள்: நான் ஒரு காலத்தில் நாட்டின் ஆண்கள் கைப்பந்துக் குழுவில் இருந்தவன். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "டீமுக்குச் சமைச்சீங்களா மாமா?" என்று என் மருமகனே கேட்டிருக்கிறான். சமைக்கவில்லை, செட்டர். வலைக்குப் பக்கத்தில் நின்று, அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். அதிலும் இரண்டாவது செட்டர். முதல் செட்டருக்கு ஏதாவது ஆனால்தான் எனக்கு வேலை. அவன் இரும்பு. அதனால் அந்த வருஷங்களில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் பெஞ்சில் உட்காரும் கலையைத்தான். மற்ற நாட்களில் பெட்டாலிங் ஜெயாவில் இன்ஷூரன்ஸ் விற்கிற ஒரு காப்புறுதி அலுவலகத்தில் குமாஸ்தா.

பயிற்சி முகாம் நடந்த மண்டபத்துக்கு என்று ஒரு வாசனை உண்டு. வியர்வை, தரைக்குப் போடும் மெழுகு, முழங்காலில் ஒட்டிய கோயோக் பிளாஸ்திரி, எல்லாம் சேர்ந்தது. இன்றைக்கும் யாராவது முதுகுவலிக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மின்தூக்கியில் ஏறினால் என் கை தானாக ஒரு பந்தைத் தேடும். மண்டபத்துக்குப் பின்னால் சாமான் அறை. அங்கே சுவர் முழுக்க எங்களுக்கு முந்தியவர்களின் படங்கள். அரைக்கால் சட்டையை இடுப்புக்கு மேலே ஏற்றிப் போட்ட சீனர்கள், மலாய்க்காரர்கள், ஒன்றிரண்டு தமிழர்கள். வெளிநாட்டு மண்டபங்களின் முன்னால், கொடியைப் பிடித்துக்கொண்டு, யாரும் சிரிக்காமல் நிற்பார்கள். எந்த ஆட்டத்துக்குப் போனார்கள், என்ன ஆனது என்று படத்துக்குக் கீழே எதுவும் எழுதியிருக்காது. மூத்தவர்களைக் கேட்டால் போன ஆண்டுகளை விடப் போகாத ஆண்டுகளைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். "அந்த வருஷம் டீம் அனுப்பல. அதுக்கடுத்த வருஷமும் அனுப்பல." தாய்லாந்திடம், இந்தோனேசியாவிடம் தோற்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. எனக்கு இருபத்து நான்கு வயதான அந்த வருஷம், வெளிநாட்டில் நடக்கப்போகிற போட்டியில் ஓர் ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் இனி ஆண்கள் குழுவே போகாது என்று முகாமில் ஒரு பேச்சு உலவியது. யார் சொன்னது, எங்கே சொன்னது, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்கிற மாதிரி தினமும் யாராவது அதைச் சொன்னார்கள்.

எங்கள் குழுவில் பெரிய அடிக்காரர் குணா. நான் குணாண்ணே என்று கூப்பிடுவேன். கிள்ளானில் வீடு, துறைமுகத்தில் லோரி ஓட்டும் வேலை. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர். முப்பது வயதுக்குமேல் கைப்பந்தில் குதிப்பது லேசில்லை. அவர் குதித்தால் ஒரு விநாடி மேலேயே யோசித்துவிட்டு இறங்குவார். ஏழு வருஷம் நாட்டுக்காக ஆடியவர். அந்த ஏழு வருஷத்தில் வெளிநாட்டில் ஒரே ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அதைப் பற்றி அவர் புலம்ப மாட்டார். பயணப் பை ஜிப்பை மூடும்போது மட்டும், "இந்த பை தோத்து தோத்தே கிழிஞ்சி போச்சி டா," என்பார். அந்த வருஷம் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அதன் படத்தைக் காலணிப் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருந்தார்.

முகாம் தொடங்கி இரண்டாவது வாரம் புகை வந்தது. மண்டபத்தின் கதவு, ஜன்னல்களுக்கு ஈரத்துணி அடைத்தோம். விளக்கைப் போட்டால் வெளிச்சத்தில் புகை மிதப்பது தெரியும். எல்லோரும் இருமினோம். கோச் ஈப்போவைச் சேர்ந்த சீனர், மென்மையான மனிதர். ஒவ்வொரு காலையும் எங்களை வரிசையில் நிறுத்தி, "யாருக்கு உடம்பு சரியில்லை? மறைக்க வேண்டாம்," என்று கேட்பார். எல்லோருக்கும் தொண்டை கரகரக்கும்போது யார் கையைத் தூக்குவது? குணாண்ணேயின் இருமல் புகை வருவதற்கு முன்பே தொடங்கியது என்பது எனக்குத் தெரியும். நாங்கள் ஒரே அறை. ஆனால் புகை வந்த பிறகு அந்த இருமல் மற்ற இருமல்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

ஒரு நாள் பயிற்சி முடிந்து, மத்தியானம் மூன்று மணி இருக்கும். துணி துவைக்கும் இடத்துக்கு என் சட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன். குணாண்ணே வாளிக்கு முன்னால் குந்தியிருந்தார். வெள்ளைத் துண்டு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீர் ரோஸ் சிரப் கலந்த நிறத்தில் இருந்தது.

"என்னாண்ணே இது?"

"பல்லு ஈறு டா."

"ஈறுல இவ்ளோ வருமா?"

அவர் துண்டைப் பிழிந்தார். திரும்பவே இல்லை. "எத்தன நாள் இருக்கு நம்ம கிளம்ப?"

"பதினெட்டு."

"பதினெட்டு நாள். அப்புறம் ஒரு வாரம். வந்த உடனே நானே டாக்டர்கிட்ட போறேன். ஒரு மேட்ச் தம்பி. ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சிட்டு வரேன். நீ யார்கிட்டயும் சொல்லாத."

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத் தியாகம் என்றுதான் அப்போது நினைத்தேன். இருபத்து நான்கு வயதில் இந்த மாதிரி நினைப்புகளுக்குக் குறைவே இல்லை.

ஆனால் தலையாட்டிவிட்டு நான் செய்த காரியம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் அறையில் மூன்று கட்டில். சுவரோரம் குணாண்ணே, நடுவில் நான், ஜன்னலோரம் ஃபைசால். குழுவிலேயே இளையவன் அவன்தான். வடக்கே கெடாக்காரன், மலாய்ப் பையன். குதித்தால் வலைக்கு மேலே நெஞ்சு தெரியும். எங்கள் இருவரையும் 'அபாங்' என்றுதான் கூப்பிடுவான், அண்ணன் என்று. வாளியைப் பார்த்த அன்று சாயந்தரம் நான் அவனிடம் போய், "ஜன்னல் பக்கம் புகை வருது, நீ நடுக்கட்டில்ல ஃபேனுக்கு நேரா படு, நான் அங்க படுத்துக்கறேன்," என்று மலாயில் சொன்னேன். அவன் முதலில் மறுத்தான். நான் வற்புறுத்தினேன். தலையணையை நானே தூக்கிப் போட்டேன்.

அவன் மறுநாள் சாப்பாட்டு மேசையில் எல்லோரிடமும் சொன்னான்: "அபாங் எனக்காக ஜன்னல் பக்கம் போயிட்டார்." கோச் என் தோளைத் தட்டினார். குணாண்ணே மட்டும் கோழியைப் பிய்த்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என் வாயை அவர் கட்டிவைத்திருந்தார், அவர் வாயை நான் கட்டிவிட்டேன். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் தனியாக இருக்க நேர்ந்தால் பேச்சு வரவில்லை. பதினெட்டு நாளும் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்தேன். பின்னால் அவர் இருமுவார். சற்றுப் பொறுத்து ஃபைசால் தூக்கத்தில் புரள்வது கேட்கும்.

போட்டிக்குப் போனோம். எந்த ஊர் என்பது முக்கியமில்லை. எங்களுக்கு எல்லா ஊரும் விமான நிலையம், தங்குமிடம், மண்டபம், அவ்வளவுதான். முதல் ஆட்டம் தோற்றோம். இரண்டாவது, மூன்றாவது, அதே கதை. இரண்டு செட் ஆடியதும் குணாண்ணே இடுப்பில் கைவைத்துக் குனிந்து நிற்பார். நிமிரும்போது உதடு வெளுத்திருக்கும். "வயசாச்சு லா," என்று கோச்சிடம் சிரிப்பார். கோச் நம்பினார். முப்பதைத் தாண்டியவன் மூச்சு வாங்கினால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

கடைசி ஆட்டம் போட்டியை நடத்திய நாட்டோடு. அவர்கள் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டவர்கள், கொஞ்சம் அலட்சியமாக இறங்கினார்கள். நாங்கள் இரண்டு செட் எடுத்துவிட்டோம். மண்டபம் அமைதியாகிவிட்டது. அவர்கள் விழித்துக்கொண்டு இரண்டு செட்டைத் திருப்பினார்கள். ஐந்தாவது செட்டில் எங்கள் இரும்பு செட்டருக்குத் தடுப்பில் கைகொடுத்தபோது விரல் பிசகியது. கோச் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் நான் இருந்தேன்.

மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்தேன். கோச் என் காதில், "குணாவுக்கு மூச்சு இல்லை. எல்லாப் பந்தையும் ஃபைசாலுக்குக் கொடு," என்றார். கொடுத்தேன். ஃபைசால் அடித்தான். சமமாக ஏறினோம். கடைசியில் ஒரு புள்ளி கிடைத்தால் ஆட்டம் எங்களுக்கு என்ற நிலை. பந்து என் தலைக்கு மேலே வந்தது. வலப்பக்கம் ஃபைசால் "அபாங்! அபாங்!" என்று கத்திக்கொண்டே ஓடி வருகிறான். இடப்பக்கம் குணாண்ணே. அவர் கூப்பிடவில்லை. வாயைத் திறந்து என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நான் இடப்பக்கம் தூக்கினேன்.

அவர் எப்படிக் குதித்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பழைய மாதிரி மேலே ஒரு விநாடி நின்றார். எதிரே இரண்டு பேர் தடுத்தார்கள். பந்து ஒருவன் கையில் பட்டுச் சிதறி, பார்வையாளர் வரிசைக்குள் போய் விழுந்தது. ஜெயித்துவிட்டோம். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். கோச் அழுதார். அந்தக் குவியலிலிருந்து குணாண்ணே மெதுவாக எழுந்து, யாரையும் பார்க்காமல் உடைமாற்றும் அறைப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன்.

கைகழுவும் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டி முழுக்கச் சிவப்பு. துண்டில் பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற அளவு.

"தண்ணிய தொறடா," என்றார்.

குழாயைத் திறந்துவிட்டேன். அது போதாமல் கையால் ஓரங்களைத் தள்ளித் தள்ளிக் கழுவினேன். கதவை யாரோ தட்டினார்கள். ஃபைசால். "அபாங், படம் எடுக்கக் கூப்பிடறாங்க!"

போய் நின்றோம். கொடியைப் பிடித்துக்கொண்டோம். ஃபைசால் குணாண்ணேயின் கழுத்தில் கையைப் போட்டு, கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டான். அந்தப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறோம். என் கை மட்டும் ஈரமாக இருக்கிறது.

திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குணாண்ணே என்னைக் கிள்ளானுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். டாக்டரிடம் போயிருப்பார், அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். துறைமுகச் சாலையை ஒட்டிய சின்ன வரிசை வீடு. வெளியே புகை, உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டிப் போட்ட சாம்பிராணிப் புகை. அவர் மனைவி மாலா அக்கா அரிசிச் சேமியாவில் மீகூன் பிரட்டி வைத்திருந்தார். குணாண்ணே நாற்காலியில் இருந்தார். ஒரு வாரத்தில் சட்டை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. தோளில் குழந்தை.

"ஏன் தம்பி, அங்க இவரு சாப்பிடவே இல்லையா?" என்று மாலா அக்கா கேட்டார். "எலும்பா வந்திருக்காரு. டாக்டர்கிட்ட போங்கன்னா, புகை போனா சரியாயிடுங்கறாரு."

"புகைதான் லா. வேணும்னா தம்பியக் கேளு," என்றார் குணாண்ணே. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அந்த நேரம் அவருக்கு இருமல் வந்தது. அவர் சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், குழந்தைக்கு எதிர்ப் பக்கம். அவருக்குத் தெரியும். புகை என்று அவர் ஒரு நாளும் நம்பவில்லை. குழந்தை அவர் கழுத்தில் வாயை வைத்து எதையோ சப்பிக்கொண்டிருந்தது.

"புகை இல்லக்கா," என்றேன். "ரத்தம் வருது. நான் பாத்தேன்."

மாலா அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். நேரே போய்க் குழந்தையை அவர் தோளிலிருந்து பிரித்து எடுத்தார். அது அழ ஆரம்பித்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எப்ப பாத்த?"

"கேம்ப்லயே."

"போறதுக்கு முன்னாடியே தெரியும்?"

மீகூன் தட்டு மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. குணாண்ணே எழுந்து என்னை வாசல் கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டே கேட்டார்: "ஜெயிச்சப்புறம்தான் உனக்கு வாய் வந்துச்சா?"

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

மறுநாளே மாலா அக்கா அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். காசநோய், மலாயில் பாத்தோக் கெரிங் என்பார்கள். ஒரு பக்க நுரையீரலில் பாதி போயிருந்தது. மாதக்கணக்கில் தினமும் மாத்திரை. பிழைத்துக்கொண்டார். லோரி ஓட்டவும் திரும்பிப் போனார், மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்பாராம். குழந்தைக்கும் முன்னெச்சரிக்கையாக மருந்து கொடுத்தார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக வளர்ந்துவிட்டது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நான் செய்த ஒரே நல்ல காரியத்துக்கு அந்த வீட்டில் எனக்கு மரியாதை கிடையாது. கிடைக்கவும் கூடாது.

எங்கள் குழு முழுவதையும் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். குணாண்ணே போக, நாட்டுக்காக ஆடிய பதினொரு பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தோம். முன்கையில் ஊசி போட்டு, வீங்குகிறதா என்று பார்ப்பார்கள். வீங்கினால் கிருமி உடம்புக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு வீங்கியது. ஃபைசாலுக்கும் வீங்கியது. எக்ஸ்ரேயில் இருவருக்கும் ஒன்றுமில்லை. நான் வெளியே வந்து, ஒரு மரத்தடியில் நின்று, பெருமூச்சு விட்டேன். கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நாலு மாதம் கழித்து ஃபைசாலுக்குச் சாயந்தரங்களில் காய்ச்சல் வர ஆரம்பித்தது. எடை குறைந்தது. இந்தத் தடவை எக்ஸ்ரேயில் நிழல் இருந்தது. அடுத்த போட்டிக்கு முதல் பெயராக அவனைத்தான் எழுதியிருந்தார்கள். அவன் போகவில்லை. குணமான பிறகு முகாமுக்குத் திரும்பி வந்தான். குதித்தான், ஆனால் நெஞ்சு வலைக்கு மேலே தெரியவில்லை. இரண்டாவது செட்டில் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றான். அந்த நிற்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுகூட ஆகவில்லை. அந்த மாதமே நான் அலுவலகத்தில் வேலை அதிகம் என்று சொல்லிக் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். கிளம்புகிற அன்று அவன் என் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்து சொன்னான்: "அபாங், அன்னிக்கு மட்டும் நீங்க கட்டில் மாத்தலன்னா, அந்தப் புகையில என் நெஞ்சு இன்னும் மோசமாயிருக்கும்."

பின்னாளில் ஃபைசால் சாலாக் செலாத்தானில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்தான். நான் அதற்குள் கல்யாணம் செய்து பூச்சோங்கில் குடியேறிவிட்டேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே நாலு கடை இருந்தும் எண்ணெய் மாற்ற அவனிடம்தான் போவேன். என் மனைவிக்கு அது ஒரு புதிர். அவன் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்கார வைப்பான். வேலை செய்துகொண்டே, இப்போதைய குழு எங்கே போயிருக்கிறது, யாரிடம் தோற்றது என்று சொல்வான். அந்தச் செய்தி செய்தித்தாளில் ஒரு விரல் அகலத்துக்கு வந்தால் உண்டு. அவன் அதையும் கத்தரித்து வைத்திருப்பான். வாடிக்கையாளர் யாராவது வந்தால், "இவர் எங்க செட்டர்," என்று என்னைக் காட்டுவான்.

ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். ஒரு முறை ஆரம்பித்தும்விட்டேன். "ஃபைசால், அந்த முகாம்ல..." என்றேன். அவன் திருகாணியை முறுக்கியபடியே, "பிரேக் கட்டையும் மாத்திடவா அபாங்? தேஞ்சி போச்சு," என்று கேட்டான். மாத்திடு என்றேன்.

போன வருஷக் கடைசியில் போனபோது கடை பூட்டியிருந்தது. மேலே இருந்த பலகையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். பக்கத்துக் கடைச் சீனர், "பாலேக் கம்பம்," என்றார். ஊருக்கே போய்விட்டான் என்று அர்த்தம். கெடாவில் எந்த ஊர் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கும் தெரியவில்லை, கேட்டதே இல்லை. கைப்பேசி எண் இப்போது வேறு யாருக்கோ போகிறது. கோச் இறந்துவிட்டார். மண்டபம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. சாமான் அறைச் சுவரில் இருந்த படங்கள் எந்த வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ, குப்பைக்கே போயினவோ.

அவனிடம் சொல்ல இனி வழி இல்லை. வடக்கே ஏதோ ஓர் ஊரில் இருந்துகொண்டு, பழைய குழுவைப் பற்றி யாராவது கேட்டால், என்னை அவன் இன்னமும் நல்லவிதமாகத்தான் சொல்லிக்கொண்டிருப்பான்.